ஏற்காட்டில் வேகமாக ஓடிய கடிகாரம்

ஏற்காடு ஏரியிலிருந்து நடந்து போகும் தொலைவில், 1990களின் நடுப்பகுதியில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு சிறிய வீடியோ கேம் கடை இருந்தது. கோடை விடுமுறைக்கு அத்தை வீட்டுக்குப் போகும்போதெல்லாம் நானும் அத்தை மகனும் அங்கேதான் கிடப்போம். அந்தக் கடையில் இருந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் என்ற சண்டை விளையாட்டு மெஷினில், ஒவ்வொரு சுற்றிலும் 99 இலிருந்து இறங்கும் நேரம், சேலத்துக் கடைகளில் இறங்குவதைவிட வேகமாக இறங்குகிறது என்பதில் எங்கள் இருவருக்கும் ஐயமே இருந்ததில்லை. கடைக்கார அண்ணனிடம் கேட்டோம். "மலை மேல கரண்டு ஏறி ஏறி இறங்குது தம்பி, அதான் மெஷின் அப்படி ஓடுது" என்றார். அப்போது அந்த விளக்கம் எங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

கடை மூடி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. சென்ற ஆண்டு அத்தை வீட்டுக்குப் போயிருந்தபோது அந்த அண்ணனைச் சந்தித்தேன். மரப்பெட்டியை விறகாக்கிவிட்டதாகவும், பிக்சர் டியூப்பைப் பழைய சாமான்காரர் எடுத்துச் சென்றுவிட்டதாகவும் சொன்னவர், உள்ளே இருந்த சர்க்யூட் போர்டை மட்டும் செய்தித்தாளில் சுற்றிப் பரண்மேல் போட்டு வைத்திருந்தார். "எதுக்காவது ஆகும்னா எடுத்துட்டுப் போ" என்று கொடுத்தார். அதை மடியில் வைத்துக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி சேலம் வந்து சேர்ந்த அன்றே, அந்தக் கடிகாரத்தின் கதை என்ன என்பதை இந்த முறை தெரிந்துகொண்டே தீர்வது என்று முடிவு செய்தேன். காசு போட்டு ஆடும் பழைய ஆர்கேட் மெஷின்களை, அவற்றைப் போலவே நடந்துகொள்ளும் எமுலேட்டர் என்ற நிரல் மூலம் வீட்டுக் கணினியில் இயக்குவதைப் பற்றி நான் கற்றுக்கொண்டவை எல்லாம் இந்த ஒரு கேள்வியைத் துரத்தியதால் வந்தவைதான்.

போர்டை நேரடியாக இயக்கிப் பார்க்க முடியவில்லை. ஏற்காட்டின் பனியும் ஈரமும் அதைத் தின்றிருந்தன. ஜம்மா எனப்படும் 56 முனை இணைப்பு, 1985 முதல் ஜப்பானிய ஆர்கேட் தொழிலில் பொதுவாக ஏற்கப்பட்ட ஒன்று, இந்தப் போர்டிலும் இருந்தது. அதன் விளிம்புத் தகடுகள் பச்சை பூத்திருந்தன. சேலத்தில் குகை என்ற பகுதியில் இருக்கும் ஒரு பழைய டிவி மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து அரை மணி நேரம் பார்த்துவிட்டு, செப்புத் தடங்கள் பல இடங்களில் அறுந்துவிட்டன என்றும், சாக்கெட்டில் செருகப்பட்டிருக்கும் சிப்புகள் மட்டும் நல்ல நிலையில் இருப்பதாகத் தெரிகிறது என்றும் சொன்னார். விளையாட்டு அந்தச் சிப்புகளில்தான் இருக்கிறது. மெஷின் போய்விட்டது.

இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை என் குடும்பத் தொழிலைக் கொண்டுதான் நான் புரிந்துகொண்டேன். அம்மாப்பேட்டையில் எங்கள் வீட்டில் ஜக்கார்டு தறி இருந்தது. சேலையின் ஓரத்தில் வரும் மாங்காயோ மயிலோ தறிக்குள் இருப்பதில்லை; மேலே தொங்கும் அட்டைகளில் துளைகளாக இருக்கும். துளை உள்ள இடத்தில் ஊசி நுழையும், அதற்குரிய கொக்கி பாவு இழையைத் தூக்கும், நாடா அதன் அடியில் ஓடி ஊடையைப் போடும். அடுத்த அட்டை வரும். அட்டைக் கட்டு மட்டும் கையில் இருந்தால் டிசைன் இருக்கிறது என்று சொல்லலாம், ஆனால் துணி வராது. எத்தனை கொக்கி கொண்ட பெட்டி, எந்த வரிசையில் நூல் கோக்கப்பட்டது, மிதிக்கும் வேகம் என்ன என்பதெல்லாம் தெரிந்த தறி ஒன்று வேண்டும். ஆர்கேட் போர்டிலுள்ள ரோம் சிப்புகள் அட்டைக் கட்டு. பிராசஸரும் ஒலிச் சிப்பும் பட உருவாக்கச் சுற்றும் தறி. எமுலேட்டர் என்பது, அந்தத் தறி எப்படி நடந்துகொள்ளும் என்பதை ஒரு கணினி நிரல் முழுமையாக நடித்துக் காட்டுவது.

அந்த நடிப்பில் மிக விரிவானது மேம். மல்டிபிள் ஆர்கேட் மெஷின் எமுலேட்டர் என்பதன் சுருக்கமான அந்தப் பெயரில், நிகோலா சால்மோரியா என்ற இத்தாலியர் 1997 பிப்ரவரி 5 அன்று அதன் முதல் பதிப்பை வெளியிட்டார். பேக்மேன் போன்ற சில மெஷின்களுக்குத் தனித்தனியாக எழுதியிருந்த எமுலேட்டர்களை ஒன்றாக இணைத்ததுதான் தொடக்கம். 2015 இல் வீட்டுக் கணினிகளையும் கன்சோல்களையும் நடிக்கும் மெஸ் என்ற உடன்பிறப்புத் திட்டமும் அதனுள் சேர்ந்தது. 2016 இல் முழுமையான திறமூல உரிமத்துக்கு மாறியது. அந்தத் திட்டத்தில் பங்களிப்பவர்கள் தங்கள் நோக்கத்தைச் சொல்லும் விதம் எனக்கு மிகவும் பிடிக்கும்: பழைய மெஷின்கள் எப்படி வேலை செய்தன என்பதைப் பதிவு செய்வதே குறிக்கோள், விளையாட முடிவது அந்தப் பதிவு சரியாக இருக்கிறது என்பதற்கான சான்று. தறியைத் துல்லியமாகக் கட்டிவிட்டால் துணி தானாகவே சரியாக வரும்.

ஏன் மெஷினையே நடிக்க வேண்டும், விளையாட்டைப் பார்த்துப் புதிதாக எழுதிவிட்டால் போதாதா என்று என் மகள் கேட்டாள். நல்ல கேள்வி. அதற்கு ஸ்பேஸ் இன்வேடர்ஸைத்தான் உதாரணமாகச் சொன்னேன். டைட்டோ நிறுவனத்தில் டொமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கி 1978 இல் வெளியான அந்த விளையாட்டில், 5 வரிசைகளில் 11 பேராக 55 எதிரிகள் இருப்பார்கள். 2 மெகாஹெர்ட்ஸில் ஓடும் இன்டெல் 8080 பிராசஸரால் அத்தனை பேரையும் ஒரே ஃபிரேமில், அதாவது திரை ஒரு முறை வரையப்படும் நேரத்தில், நகர்த்திவிட முடியவில்லை. ஒரு ஃபிரேமுக்கு ஒருவராகத்தான் நகர்த்தியது. விநாடிக்கு ஏறக்குறைய 60 ஃபிரேம் என்பதால், தொடக்கத்தில் படை முழுவதும் ஓர் அடி எடுத்து வைக்க ஏறத்தாழ ஒரு விநாடி ஆகும். எதிரிகள் குறையக் குறைய ஒரு சுற்று விரைவாக முடிந்துவிடும், படை வேகமெடுக்கும். கடைசியில் எஞ்சும் ஒருவன் பறப்பது போல ஓடுவதும், அப்போது நமக்கு நெஞ்சு அடித்துக்கொள்வதும், அந்த மெஷினின் திறன் வரம்பிலிருந்து பிறந்தவை. வெளியிலிருந்து பார்த்து எழுதுபவர் இந்த வேகத்துக்கு ஒரு சூத்திரத்தை ஊகிக்க வேண்டியிருக்கும். மெஷினை நடிப்பவர் எதையும் ஊகிக்க வேண்டியதில்லை. 8080 இன் கட்டளைகளைச் சரியாக நிறைவேற்றினால் அந்தப் பதற்றம் தானாக வந்து சேரும்.

பேக்மேனும் அப்படித்தான். நாம்கோ 1980 இல் வெளியிட்ட அந்த மெஷினில் எத்தனையாவது சுற்று என்பதை, 255 க்கு மேல் கொள்ளாத 8 பிட் எண்ணில் வைத்திருந்தார்கள். 256 ஆவது சுற்றுக்கு வந்தால் அந்த எண் நிரம்பி வழிந்து, திரையின் வலது பாதி எழுத்தும் குறியுமாகச் சிதைந்துவிடும். மேமில் இந்தச் சிதைவை யாரும் தனியாக எழுதி வைக்கவில்லை. 3.072 மெகாஹெர்ட்ஸில் ஓடும் ஸெட்80 பிராசஸரைச் சரியாக நடித்ததால், அதன் பிழையும் கூடவே வந்துவிட்டது. பிழையும் வர வேண்டும் என்பதுதான் எனக்கு முக்கியம்; ஏனென்றால் நான் தேடிக்கொண்டிருந்ததும் ஒரு மெஷினின் கோணல்தான்.

சில மெஷின்கள் இவ்வளவு எளிதாக வசப்படுவதில்லை. 1972 இல் அட்டாரி வெளியிட்ட பாங் போர்டில் பிராசஸரே கிடையாது. படிப்பதற்கு ரோமும் இல்லை. ஒவ்வொரு லாஜிக் சிப்பையும் அவற்றுக்கிடையே ஓடும் கம்பிகளையும் நடித்தாக வேண்டும். ஸ்ட்ரீட் ஃபைட்டரை உருவாக்கிய கேப்காம் நிறுவனத்தின் சிபிஎஸ்-2 போர்டுகளில் நிரல் மறைகுறியாக்கப்பட்டு, அதைப் பிரிக்கும் சாவி ஒரு பேட்டரியின் தயவில் நினைவகத்தில் இருந்தது. பேட்டரி தீர்ந்தால் சாவி அழியும், போர்டு செத்துவிடும். அந்த மறைகுறி முறை 2007 ஜனவரியில்தான் முழுமையாக அவிழ்க்கப்பட்டது. ஆண்ட்ரியாஸ் நயிவ் என்பவருடன் சேர்ந்து அதைச் செய்ததும் அதே சால்மோரியாதான். உலகெங்கும் பரண்களில் பேட்டரி தீர்ந்து கிடக்கும் போர்டுகளை நினைக்கும்போது, அந்த உழைப்புக்குக் கைகூப்பத் தோன்றுகிறது.

என் கையில் இருந்தது அதற்கு முந்தைய தலைமுறை. 1992 இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 சாம்பியன் எடிஷனின் டூப்ளிகேட் போர்டு. அந்நாளில் நம் ஊர்க் கடைகளில் நாங்கள் பார்த்த போர்டுகளில் பல இத்தகையவை. சண்டையின் நடுவே ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் ஆள் மாறுவதும், அந்தரத்தில் நின்றபடி "ஆதூகென்" விடுவதும், விட்ட நெருப்பு எதிராளியைத் துரத்திக்கொண்டு வளைந்து போவதும் கேப்காம் செய்தவை அல்ல, நிரலைத் திருத்திய யாரோ சேர்த்தவை. இவற்றில் மிகவும் பரவிய ரெயின்போ என்ற திருத்தம் உள்படப் பல டூப்ளிகேட்டுகளை மேம் தனித்தனித் தொகுப்புகளாகப் பதிந்து வைத்திருக்கிறது. மூலம் மட்டுமே மதிப்புடையது, நகல் குப்பை என்று அவர்கள் ஒதுக்கிவிடவில்லை. சேலத்துச் சிறுவர்கள் கண்ட ஸ்ட்ரீட் ஃபைட்டர் அந்த நகல்தான். அது காக்கப்பட்டிருப்பதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

சிப்புகளைப் படிக்கும் வேலை மூன்று வாரம் எடுத்தது. ஈபிராம் என்ற அவ்வகைச் சிப்பின் முதுகில் ஒரு சிறிய கண்ணாடி ஜன்னல் இருக்கும். உள்ளே சேமித்த மின்னூட்டம்தான் தரவு. புற ஊதா ஒளி அந்த ஜன்னல் வழியே பட்டால் மின்னூட்டம் வெளியேறி எல்லாம் அழிந்துவிடும். அதனால்தான் ஜன்னல்மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். ஸ்டிக்கரை உரித்துப் பார்க்கும் ஆவலை அடக்கிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு சிப்பையும் நெம்பி எடுத்து, கால்களை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பிரஷ்ஷால் துடைத்து, யுஎஸ்பி வழியாகக் கணினியுடன் இணையும் ஈபிராம் ரீடரில் வைத்துப் படித்தேன். ஒரு முறை படித்தால் போதாது. ஒரே சிப்பைக் குறைந்தது மூன்று முறை படித்து, மூன்று கோப்புகளின் செக்சம் எண்ணும் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) ஒன்றாக வந்தால்தான் அந்தப் படிப்பை நம்பலாம். படங்கள் இருக்கும் சிப்பு ஒன்று ஒவ்வொரு முறையும் வேறு எண்ணைக் கொடுத்தது. கால்களை மீண்டும் தேய்த்தேன், மறுபடியும் வேறு எண். மெக்கானிக்தான் ஒரு காலின் அடிவாரத்தில் மயிரிழை போன்ற விரிசலைக் கண்டுபிடித்து, அதற்கு மெல்லிய கம்பி ஒன்றைப் பற்ற வைத்துக் கொடுத்தார். அதன்பின் பத்து முறை படித்தேன், பத்தும் ஒன்றாக இருந்தன.

கோப்புகள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று மேமிடமே கேட்கலாம். அதனிடம் ஒவ்வொரு தொகுப்பிலும் உள்ள ஒவ்வொரு சிப்பின் அளவும் சிஆர்சி, எஸ்எச்ஏ-1 என்ற இருவகைச் சரிபார்ப்பு எண்களும் இருக்கின்றன. வெரிஃபைரோம்ஸ் என்ற கட்டளை நம் கோப்புகளை அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுச் சொல்லும். ஏற்காட்டுப் போர்டின் படச் சிப்புகள் எல்லாம் அறியப்பட்ட ஒரு டூப்ளிகேட் தொகுப்போடு அப்படியே பொருந்தின. ஒலிச் சிப்புகளும் பொருந்தின. நிரல் சிப்புகளில் ஒன்று மட்டும் பொருந்தவில்லை.

அந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பொருந்தாமைக்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, முப்பது ஆண்டுகளில் மின்னூட்டம் கசிந்து சிப்பு கெட்டிருக்கலாம். மற்றொன்று, யாரோ வேண்டுமென்றே மாற்றியிருக்கலாம். இவற்றைப் பிரித்தறிய வழி உண்டு. அழிக்கப்பட்ட ஈபிராமில் எல்லா பிட்டுகளும் 1 ஆக இருக்கும். எழுதும்போது வேண்டியவை 0 ஆகின்றன. ஆகவே கசிவால் கெடும் பிட் 0 இலிருந்து 1 ஆகத்தான் மாறும், எதிர்த்திசையில் போகாது. ஒப்பிடுவதற்கு நல்ல கோப்பு ஒன்று தேவைப்பட்டது. அதை இணையத்தில் தேடுவதற்கு முன், மெக்கானிக்கின் கடை மூலையில் ஒரு சேலத்துக் கடையிலிருந்து வந்த இதே வகைப் போர்டு கிடப்பது நினைவுக்கு வந்தது. அவர் அனுமதியோடு அதையும் படித்தேன். அதன் சிப்புகள் அத்தனையும் மேம் பட்டியலோடு முழுமையாகப் பொருந்தின. இரண்டு கோப்புகளையும் அருகருகே வைத்து ஒப்பிட்டதில், மொத்தம் 37 பைட்டுகள் மட்டுமே வேறுபட்டன. அவை அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறியிருக்கவில்லை. மூன்று இடங்களில் கொத்தாக இருந்தன. 1 இலிருந்து 0 ஆன பிட்டுகளும் அவற்றில் இருந்தன. கசிவு அப்படிச் செய்யாது.

இனி இயக்கிப் பார்க்க வேண்டியதுதான். பட்டியலில் உள்ள தொகுப்பின் கோப்பறையில் என் கோப்பை அதே பெயரில் வைத்தேன். செக்சம் தவறு, விளையாட்டு சரியாக ஓடாமல் போகலாம் என்று மேம் எச்சரித்துவிட்டு இயக்கத்தான் செய்தது. டூப்ளிகேட்டின் அந்தப் பழைய தொடக்கத் திரை வந்தது. 5 ஆம் எண் விசையை அழுத்தினால் காசு விழும், 1 ஆம் எண் விசை ஸ்டார்ட். காசு விழும் ஒலி கேட்டதும் அத்தை மகனுக்கு ஃபோன் செய்து ஸ்பீக்கர் அருகே பிடித்தேன்.

நேரத்தை அளப்பதற்கு முன் திரையைச் சரிசெய்தாக வேண்டியிருந்தது. விளையாட்டின் படம் அகலத்தில் 384 புள்ளிகளும் உயரத்தில் 224 புள்ளிகளும் கொண்டது. அதைப் புள்ளிக்குப் புள்ளி இன்றைய மானிட்டரில் போட்டால் விளையாட்டு வீரர்களான ரியூவும் சுன்-லீயும் தடித்துக் குட்டையாகத் தெரிவார்கள். ஏனென்றால் அந்தப் படம் 4:3 வடிவ டியூப்பில் பக்கவாட்டில் நெருங்கித் தெரிய வேண்டும் என்று எண்ணியே வரையப்பட்டது. மேம் இதை அறிந்து, 1080 புள்ளி உயரமுள்ள என் மானிட்டரில் 1440 புள்ளி அகலத்தில் படத்தைக் காட்டி, இருபுறமும் கருப்பாக விட்டுவிடுகிறது. திரை நிறையவில்லை என்று சிலர் இழுத்து நிரப்புவதைப் பார்த்திருக்கிறேன். அருள்கூர்ந்து அப்படிச் செய்யாதீர்கள். டியூப்பின் வரிக்கோடுகளையும் ஒளிர்வையும் காட்டும் ஷேடர்களும் மேமிலேயே உள்ளன. அளவோடு வைத்தால், புள்ளிகளின் கூர்முனை மங்கி, ஓவியர் மனத்தில் கண்ட நிழல் தெரிகிறது.

அளவீட்டுக்கு இதைவிட முக்கியமானது புதுப்பிப்பு வேகம். இந்தப் போர்டு விநாடிக்கு 60 படங்களை அல்ல, ஏறத்தாழ 59.63 படங்களை வரைகிறது. என் மானிட்டர் 60. இரண்டையும் அப்படியே விட்டால் மூன்று விநாடிக்குள் ஒரு முறை ஒரு படம் இருமுறை காட்டப்பட்டு, பின்னணி நகரும்போது ஒரு சிறு தட்டல் தெரியும். விளையாடுவதற்கு மட்டுமென்றால், மானிட்டரின் வேகத்துக்கே விளையாட்டை ஓடவிடும் வசதியை இயக்கிவிடுவேன். விளையாட்டு 0.6 விழுக்காடு வேகமாகும், கண்ணுக்கும் கைக்கும் தெரியாது. ஆனால் கடிகாரத்தின் வேகத்தை அளக்கப் போகும்போது அந்த வசதியை அணைத்தாக வேண்டும். அணைத்தேன். எஃப்11 விசையை அழுத்தி 100 விழுக்காடு என்று உறுதிப்படுத்திக்கொண்டேன். என் பழைய ஐ3 கணினிக்கு இந்தத் தலைமுறை மெஷின் ஒரு சுமையே இல்லை. 12 மெகாஹெர்ட்ஸ் 68000 பிராசஸரையும், ஒலிக்கான ஸெட்80 ஐயும், யமஹா ஒலிச் சிப்பையும் ஒரே நேரத்தில் நடித்துக்கொண்டே அது ஓய்வாக இருந்தது.

முதலில் சேலத்துக் கோப்பு. இரு வீரர்களும் அடிக்காமல் நிற்க, 99 இலிருந்து 0 வரை ஸ்டாப்வாட்சில் அளந்தேன். பிறகு ஏற்காட்டுக் கோப்பு. சேலத்துக் கடிகாரம் எடுத்த நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கிலேயே ஏற்காட்டுக் கடிகாரம் பூஜ்யத்தைத் தொட்டுவிட்டது. மூன்று முறை அளந்தும் அதேதான். நாங்கள் சொன்னது சரி. முப்பது ஆண்டுகளுக்கு முன் இரண்டு சிறுவர்கள் கண்டுபிடித்தது உண்மை.

அண்ணன் சொன்ன கரண்டு காரணம் மட்டும் நிற்கவில்லை. போர்டின் வேகத்தைத் தீர்மானிப்பது சுவரிலிருந்து வரும் மின்சாரம் அல்ல. போர்டிலேயே இருக்கும் குவார்ட்ஸ் படிகத்தின் அதிர்வு. மின்னழுத்தம் குறைந்தால் போர்டு நின்றுபோகலாம், மறுதொடக்கம் ஆகலாம், படம் சுருங்கலாம், வேகமாக ஓடாது. அப்படியே படிகத்தை மாற்றி வேகப்படுத்தியிருந்தாலும் ஆட்களும் அடிகளும் இசையின் போக்கும் சேர்ந்தே வேகமாகியிருக்க வேண்டும். ஏற்காட்டில் கடிகாரம் மட்டும்தான் ஓடியது.

மேமில் பிழைதிருத்தி ஒன்று உள்ளது. ஓடிக்கொண்டிருக்கும் மெஷினை நிறுத்தி, நினைவகத்தின் எந்த மூலையையும் பார்க்கலாம்; ஒரு குறிப்பிட்ட முகவரியில் எழுதப்படும் கணத்தில் நிற்கும்படி காவலும் வைக்கலாம். உண்மையான போர்டில் இதைச் செய்ய விலை உயர்ந்த கருவிகள் வேண்டும். கடிகார எண் இருக்கும் முகவரியைக் கண்டுபிடித்து அங்கே காவல் வைத்தேன். எண் ஒவ்வொரு முறை குறையும்போதும், அடுத்த குறைவுக்கு இத்தனை ஃபிரேம் காத்திரு என்று ஒரு துணை எண் நிரப்பப்படுகிறது. மாற்றப்பட்ட மூன்று கொத்துகளில் ஒன்று சரியாக அந்த இடத்தில் இருந்தது. துணை எண்ணைச் சிறிதாக்கியிருந்தார்கள். ஒரு டோக்கனுக்கு விளையாட்டு சீக்கிரம் முடிந்தால் அடுத்த டோக்கன் விழும். மற்ற இரண்டு கொத்துகள் என்ன செய்கின்றன என்பதை இன்னும் படித்துக்கொண்டிருக்கிறேன்.

போர்டிலிருந்து எடுத்த இன்னொரு செய்தியும் உண்டு. அதில் எட்டெட்டாக மூன்று வரிசை டிப் சுவிட்சுகள் இருந்தன. கடைக்காரர் ஒரு காசுக்கு எத்தனை ஆட்டம், கணினி எதிராளி எவ்வளவு கடுமையாக இருக்க வேண்டும் என்பதையெல்லாம் அவற்றில்தான் வைப்பார். துடைப்பதற்கு முன்பே 24 சுவிட்சுகளையும் படமெடுத்து வைத்திருந்தேன். மேமில் டேப் விசையை அழுத்தினால் வரும் பட்டியலில் அதே நிலைகளைப் பதித்தேன். கடுமை நிலை 0 முதல் 7 வரை; வழக்கமாக 3; ஏற்காட்டில் 6. சாகட் என்ற எதிராளியைத் தாண்ட முடியாமல் திரும்பிய கோடைகளுக்கு இப்போது காரணம் தெரிகிறது. பழைய போர்டு கிடைத்தால் முதலில் சுவிட்சுகளைப் படமெடுங்கள். தூசியோடு அந்தக் கடையின் முடிவுகளும் அங்கே உறைந்திருக்கும்.

கட்டுப்பாடுகளைப் பற்றிச் சுருக்கமாக. கீபோர்டில் விளையாடலாம், ஆனால் பல கீபோர்டுகளில் மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால் ஒன்று பதிவாகாமல் போகும். ஜாய்ஸ்டிக்கைக் கால் பங்கு வட்டமாகச் சுற்றி அடிக்கும் இந்த விளையாட்டுக்கு அது ஆகாது. பிளைவுட்டில் தச்சரிடம் ஒரு பெட்டி செய்து, மைக்ரோசுவிட்ச் வைத்த ஜாய்ஸ்டிக்கும் ஆறு பட்டன்களும் பொருத்தி, பட்டன் அழுத்தங்களைக் கணினிக்குச் சொல்லும் யுஎஸ்பி என்கோடருடன் இணைத்தேன். டிவியைத் திரையாகப் பயன்படுத்துபவர்கள் அதன் கேம் மோடை இயக்குவது கட்டாயம். இல்லாவிட்டால் படத்தை அழகுபடுத்தும் வேலையில் டிவி எடுத்துக்கொள்ளும் தாமதம், குத்தைத் தடுக்க நினைக்கும் கைக்கு நன்றாகவே தெரியும்.

உரிமை பற்றி வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். எமுலேட்டர் திறமூல மென்பொருள். ரோம் கோப்புகள் அப்படி அல்ல. போர்டு டூப்ளிகேட் என்றாலும் அதிலுள்ள படங்களும் இசையும் கேப்காமுக்கே உரியவை. ஆகவே நான் படித்த கோப்புகளை யாருக்கும் தருவதில்லை. கேட்டு எழுத வேண்டாம். ஆயிரக்கணக்கான விளையாட்டுகளை ஒரே பென்டிரைவில் போட்டு விற்பதை நான் ஆதரிக்கவில்லை. எத்தனையோ பேர் ஊதியமின்றிச் செய்த காப்பு வேலையை அது திருட்டாக்கிக் காட்டுகிறது; எந்தக் கோப்பு எந்தப் போர்டிலிருந்து வந்தது என்ற தடயத்தையும் அழித்துவிடுகிறது. ஸ்ட்ரீட் ஃபைட்டரை விளையாடினால் போதும் என்பவர்களுக்கு 2018 இல் கேப்காமே வெளியிட்ட முப்பதாம் ஆண்டுத் தொகுப்பு இருக்கிறது. அதில் சாம்பியன் எடிஷனும் உண்டு. மேமை முயன்று பார்க்க விரும்புபவர்களுக்கு, உரிமையாளர்களே வணிகமற்ற பயன்பாட்டுக்கு விட்டுக்கொடுத்த சில ரோம்கள் மேம் திட்டத்தின் தளத்திலேயே கிடைக்கின்றன. 1982 இல் உருவாகி விற்பனைக்கு வராமலே நின்றுபோன கிரிட்லீ, ஜேமி ஃபென்டன் உருவாக்கிய ராபி ரோட்டோ, கிழக்கு ஜெர்மனியில் செய்யப்பட்ட பாலி-பிளே ஆகியவை அவற்றில் உள்ளன. பாலி-பிளேயில் ஸெட்80 இன் கிழக்கு ஜெர்மானிய நகலான யு880 பிராசஸர் ஓடுகிறது. மேலைச் சந்தை மூடியிருந்த ஒரு நாட்டில் தாங்களே செய்துகொண்ட ஆர்கேட் மெஷின் அது. என் மகளுக்கு அதில் வரும் முயலும் ஓநாயும்தான் இப்போது உயிர்.

சென்ற மாதம் ஏற்காட்டுக்கு மடிக்கணினியை எடுத்துச் சென்று அண்ணனிடம் இரண்டு கடிகாரங்களையும் அடுத்தடுத்து ஓடவிட்டுக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். போர்டைக் கொடுத்த ஏஜென்ட், இது கொஞ்சம் விலை கூடுதல், ஆனால் வசூல் சீக்கிரம் வரும் என்று சொல்லி விற்றதாக அப்போது நினைவுகூர்ந்தார். ஏன் சீக்கிரம் வரும் என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லையாம்.

இந்தத் திருத்தத்தை மேம் திட்டத்துக்குத் தெரிவிப்பதற்கு முன் இன்னொரு போர்டில் இதே எண் வருகிறதா என்று பார்க்க விரும்புகிறேன். ஒரே சிப்பை நான் எத்தனை முறை படித்தாலும் அது ஒரே சாட்சிதான். அந்த ஏஜென்ட் சேலம், நாமக்கல், தர்மபுரி பக்கத்துக் கடைகளுக்கெல்லாம் போர்டு கொடுத்தவர் என்று அண்ணன் சொல்கிறார். சந்தேகத்துக்குரிய சிப்பு 68000 பிராசஸருக்கு மிக அருகில் உள்ள சாக்கெட்டில் இருக்கிறது. அதன்மேல் வெள்ளை ஸ்டிக்கரில் நீல மையால் கையால் எழுதிய "2" என்ற எண் உள்ளது. உங்கள் வீட்டுப் பரணிலோ கிடங்கிலோ அப்படி ஒன்று இருந்தால், போர்டுக்கு மின்சாரம் கொடுக்காதீர்கள், ஸ்டிக்கரை உரிக்காதீர்கள், எனக்கு ஒரு வரி எழுதுங்கள். ரீடரை எடுத்துக்கொண்டு நானே வருகிறேன். சிப்பை உங்கள் முன்னால் படித்து, அங்கேயே திரும்பச் செருகிக் கொடுத்துவிடுவேன்.